தேசம்மாக்கா எதிரொலியில் இறங்கிய மதியம்

கிதாரின் தடித்த கம்பியிலிருந்து கிளம்பிய ஒரு சத்தத்தின் மேல், ஏழாவது மாடி உயரத்தில், ரஹ்மத் அக்காவின் மஞ்சள் நைட்டி காய்ந்துகொண்டிருந்தது என்று நான் சொன்னால் பல்கலைக்கழகத்தில் என் வகுப்பில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்களை ஒரே காலையில் லாரியில் ஏற்றி, நகரத்துக்கு வெளியே சதுப்பு நிலத்தில் கொண்டுபோய் மாடி மாடியாக அடுக்கி வைக்க முடியும் என்பதை நம்புகிறவர்களால், ஒரு சத்தம் அறுந்து போகாமல் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நிற்கும் என்பதை மட்டும் ஏன் நம்ப முடியவில்லை என்று நானும் திருப்பிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் இடத்தின் பெயர் கழுவெளி நகர். கழுவெளி என்றால் உப்புநீர்ச் சதுப்பு, பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது, குழாயில் கிடையாது, லாரியில் வரும். என் பெயர் எழிலி, ஆனால் எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பதால் பிளாக் முழுக்க என்னை 'வக்கீலு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் படிப்பது அரசியல், சட்டம் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. பக்கத்து வீட்டு ஜெபா மொபைல் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறாள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிதார் வாசிக்கிறாள், பழுதான பெடல்களை வாங்கிவந்து உயிர் கொடுக்கிறாள். பெடல் என்பது டிபன் பாக்ஸ் அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி. கிதாரின் சத்தம் அதன் ஒரு காதில் நுழைந்து மறு காதில் வேறு குணத்தோடு வெளியே வரும். அப்படிப் பல பெட்டிகளை ஒயரால் கோத்துக் கடைசி ஒயரை ஆம்ப்பில், அதாவது சர்ச்சிலிருந்து அவள் கொண்டுவந்திருந்த ஒலிபெருக்கிப் பெட்டியில், சொருகினால், ஆம்ப் பேசுவது கிதாரின் குரலாக மட்டும் இருக்காது, வழியில் அது சந்தித்த எல்லோருடைய குரலாகவும் இருக்கும்.

சண்டை அந்த வரிசையில்தான். சத்தத்தைக் கிழித்துக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் முதலில், ஒன்றை இரண்டாக்கி மினுக்கும் கோரஸ் அதற்கப்புறம், சொன்னதையே தேயத் தேயத் திருப்பிச் சொல்லும் டிலே அதற்கப்புறம், எல்லாவற்றையும் ஒரு பெரிய மண்டபத்துக்குள் நிற்பதுபோல் பரப்பிவிடும் ரிவெர்ப் கடைசியில் என்று உலகத்தில் உள்ள எல்லா ஆண்களும் வீடியோ போட்டுச் சொல்கிறார்கள்.

"யாரு போட்ட சட்டம் இது?" என்றேன்.

"காது போட்டதுடி," என்றாள் ஜெபா.

"யாரோட காது?"

"ஐயோ, ஒயர சொருகு மொதல்ல."

சொருகினேன். ஜெபா கம்பியைத் தட்டினாள். ஆம்ப்பிலிருந்து கிளம்பிய சத்தம் வராந்தா கம்பியைத் தாண்டி, எதிர் பிளாக்கின் வராந்தாவைப் போய்த் தொட்டு, அங்கேயே நின்றுவிட்டது. நாங்கள் காத்திருந்தோம், அது போகவில்லை. எதிரே இருந்த ரஹ்மத் அக்கா எட்டி விரலால் தொட்டுப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், உள்ளே போய் வாளியோடு வந்து தன் வீட்டுத் துணியெல்லாம் அதன் மேல் போட ஆரம்பித்தார்.

ஏன் நின்றது என்று கேட்காதீர்கள். சதுப்பின் ஈரக்காற்று என்று ஒருவர் சொன்னார், கட்டடங்களை இத்தனை நெருக்கிக் கட்டினால் சத்தத்துக்குப் போக வழியேது என்று இன்னொருவர் சொன்னார், சர்ச் ஆம்ப் இல்லையா என்று ஜெபாவின் அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். காரணத்தைவிட எங்களுக்குத் துணிக்கொடி அவசரம், ஏனென்றால் வராந்தாவில் கயிறு கட்டினால் கட்டடத்தின் அழகு கெடும் என்று வீட்டுவசதி அலுவலகம் தடை போட்டிருந்தது. ஓதம் ஏறிச் சுவர் பொரிந்த கட்டடத்துக்கு என்ன அழகு என்று நான் எழுதிக் கேட்டேன்.

அந்த வாரமே சத்தத்தின் குணம் எல்லோருக்கும் பழகிவிட்டது. உரத்த சத்தம் உயரத்தில் தொங்கும், மெல்லிய சத்தம் தாழத் தொங்கும். டிஸ்டார்ஷன் மட்டும் போட்டால் தேங்காய் நார்க் கயிறு மாதிரி வரும், துணி நழுவாது, ஆனால் பட்டுச் சேலையில் இழை வாங்கிவிடும். கோரஸ் போட்டால் இரண்டு கொடி பக்கத்தில் பக்கத்தில் மினுங்கும், குழந்தைத் துணிக்கு உகந்தது. ரிவெர்ப் போட்டால் கொடி அகன்று பாயாகிவிடும், வடகம் காயப்போடலாம். டிலே போட்டால் ஒரு கொடிக்குக் கீழே அதைவிடத் தாழ்வாக ஒன்று, அதற்கும் கீழே இன்னொன்று என்று எதிரொலிகள் இறங்கிக்கொண்டே போகும், மேலேயிருப்பது மங்கும்போது கீழேயிருப்பது தாங்கிக்கொள்ளும், அப்படி மதியம் ஏழாவது மாடியில் போட்ட துணி சாயங்காலம் தானாகத் தரைக்கு வந்து சேரும். எனக்கு வீம்பு, ஒருநாள் ரிவெர்ப்பை முதலிலும் டிஸ்டார்ஷனைக் கடைசியிலும் கோத்தேன். பாய் கிழிந்து, ஈர சிமெண்ட் மாதிரி குழம்பி, கீழே நிறுத்தியிருந்த பைக்குகளின் மேல் வழிந்தது. வண்டிக்காரர்கள் சுரண்டி எடுத்துக்கொண்டே என் படிப்பைப் பற்றி விசாரித்தார்கள்.

குறைகளும் இல்லாமல் இல்லை. சத்தத்தில் காய்ந்த சட்டை நாள் முழுக்க மெல்ல ரீங்கரித்தது. ரஹ்மத் அக்காவின் வீட்டுக்காரர் ஓட்டும் ஷேர் ஆட்டோவில் அவர் சட்டையின் ரீங்காரம் கேட்டு ஆட்கள் தூங்கிப்போய் நிறுத்தத்தைத் தவறவிட்டார்கள். மதியத்தில் எல்லா வீட்டு ஃபேனும் சுற்றும்போது பாரம் தாங்காமல் பிளாக்கின் கரண்ட் விழுந்துவிடும், ஆம்ப் அணையும், கொடியெல்லாம் ஒரு நொடியில் மறைந்து துணி மழையாகக் கொட்டும், யாருடைய பாவாடை யாருடையது என்று கீழே ஒரு பஞ்சாயத்து நடக்கும். வெளிப்புறச் சுவரில் அனுமதியின்றிப் பொருத்தப்பட்ட சாதனத்தை அகற்றவும் என்று அலுவலகம் நோட்டீஸ் ஒட்டியது. எங்கே பொருத்தியிருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டேன். வந்தவர் அண்ணாந்து நெடுநேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இதெல்லாம் தேசம்மாக்காவின் கதைக்குள் வருவதற்காகச் சொன்னது.

தேசம்மாக்கா எங்கள் வராந்தாவின் கடைசி வீடு. என் அம்மாவுக்கும் அவர் அக்கா, எனக்கும் அக்கா. ஆற்றங்கரையில் மீன் விற்றவர். எங்கள் வீட்டை இடித்த அன்று சாமான்கள் சேற்றில் கிடக்க, அம்மா அடுப்பைத் தூக்குவதா என்னைத் தூக்குவதா என்று நின்றபோது, அக்கா தன் மீன்கூடையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு அதில் என் பாடப்புத்தகங்களை அள்ளிப்போட்டுத் தலையில் ஏற்றிக்கொண்டார். பரீட்சை எழுதும்போதெல்லாம் அந்தத் தாள்களில் மீன் வாடை அடித்தது. நான் பல்கலைக்கழகம் வரை போனதற்கு யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்டால் என் மூக்கு முதலில் பதில் சொல்லும்.

இங்கே வந்தபிறகு தண்ணீர் லாரியின் வரிசை அக்காவின் கையில் இருந்தது. பிறகு ஒருநாள் ஆட்டோ கவிழ்ந்து அவர் இடுப்பில் பிளேட் வைத்தார்கள். குலுங்கக் கூடாது, மடங்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, ஊன்றிக்கொள்ள ஒரு கம்பும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்த மறுவாரம் லிஃப்ட் நின்றது. அதிலிருந்து அக்கா தரையை மிதிக்கவில்லை. ஒருமுறை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கினார்கள். படிக்கட்டின் முதல் திருப்பத்திலேயே நாற்காலி திரும்பாமல் இடிபட்டு, அவர் போட்ட அலறலில் தூக்கியவர்களே அழுதுவிட்டார்கள்.

அப்போதுதான் வீட்டுவசதி அலுவலகத்தின் முகாம் அறிவிப்பு வந்தது. ஒதுக்கீடு பெற்றவர் கீழே நடக்கும் முகாமுக்கு நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும், வராதவரின் வீடு ரத்து. அலுவலரைப் போய்ப் பார்த்தேன்.

"சார், அவங்களால இறங்க முடியாது. நீங்க மெஷின எடுத்துக்கிட்டு மேல வாங்க."

"மெஷின் முகாம விட்டு வெளிய போகக் கூடாதும்மா. ரூல்."

"லிஃப்ட் ஓடக் கூடாதுன்னும் ரூல் இருக்கா சார்?"

"அது வேற செக்‌ஷன்."

நான் கத்தினேன். அவர் தண்ணீர் குடிக்கச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, அதை அவருக்குக் காட்டக் கூடாது என்று இன்னும் கத்தினேன்.

திரும்பிவந்து தேசம்மாக்காவிடம் சொன்னபோது அவர் வராந்தாவில் கால் நீட்டி உட்கார்ந்து, எதிரே அசையும் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மே வக்கீலு, என் பொடவை காயுது இல்ல அது மேல?"

"ஆமாக்கா."

"ஈரப் பொடவை இன்னா கனம் கனக்குது. நான் ஒக்காந்தா தாங்காதா?"

ஜெபாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம்.

எந்தெந்தப் பெடல் என்பதில் சண்டை இல்லை. வழுக்காமல் பிடித்துக்கொள்ள டிஸ்டார்ஷன் வேண்டும். கீழே கீழே என்று இறக்க டிலே வேண்டும். ஒவ்வொரு எதிரொலியும் படியாக இடிக்காமல் பாயாக ஏந்திக்கொள்ள ரிவெர்ப் வேண்டும். அக்காவுக்கு ஒரே மாதிரி இரண்டு தெரிந்தால் தலை சுற்றும், கோரஸ் வேண்டாம். இன்னொன்றும் வேண்டியிருந்தது: கம்பியைத் தட்டும்போது வரும் அந்த 'டக்' என்ற அடி எதிரொலியில் ஏறிவிட்டால், அது திரும்பத் திரும்ப வந்து அவர் இடுப்பைக் குலுக்கும். அதற்கு வால்யூம் பெடல், கார் ஆக்ஸிலேட்டர் மாதிரி காலால் அழுத்தினால் சத்தம் வரும், தளர்த்தினால் அடங்கும். பெடலை மூடிவைத்துக் கம்பியைத் தட்டி, அப்புறம் மெல்லத் திறந்தால் அடி தெரியாமல் சத்தம் மட்டும் ஊறிவரும். அதை எங்கே வைப்பது என்பதில் எங்கள் நட்பே முறியப் பார்த்தது.

"கடைசில வைப்போம், ஆம்ப்புக்கு முன்னாடி," என்றேன். "எல்லாத்துக்கும் கடைசில ஒரு கட்டுப்பாடு இருக்கணும். அது என் கால்ல இருக்கணும்."

"டிலேவுக்கு முன்னாடி வைடி."

"ஏன்? டிலேவுக்குள்ள போனதுக்கு அப்புறம் அது எப்பிடி என் பேச்ச கேக்கும்?"

"ஏன் கேக்கணும்?"

இதற்கு மேல் அவளுக்கு விளக்கத் தெரியவில்லை, எனக்குத் தோற்கத் தெரியவில்லை. கடைசியில்தான் வைத்தோம். தண்ணீர் நிரம்பிய ரஹ்மத் அக்காவின் பச்சைக் குடத்தைச் சத்தப் பாயின் மேல் உட்காரவைத்து, காலைத் தளர்த்தினேன். பாய் இறங்கவில்லை. பாயே இல்லாமல் போனது. ஓடிக்கொண்டிருந்த எதிரொலிகள் எல்லாம் ஒரே அடியில் அற்றுப்போக, குடம் ஏழு மாடி விழுந்து சிதறியது.

"எங்கொடம்!" என்று எதிர் வராந்தாவில் ரஹ்மத் அக்கா மார்பில் அடித்துக்கொண்டார். "எத்தினி நாளா வரிசைல நின்ன கொடம்டி அது!"

அந்தக் குடத்தின் இடத்தில் யார் உட்காரப்போகிறார் என்பது ஒன்றும் எனக்கு மறந்துபோகவில்லை. ஆனால் ரஹ்மத் அக்கா வாயிலிருந்து விழுந்த வரிசை என்ற சொல் எனக்குள் வேறெங்கோ போய் முட்டியது.

தண்ணீர் தீரப்போகும்போது லாரிக்காரர் குழாயை மூடிவிடுவார். யார் குடம் பாதியில் நிற்கிறது என்று பார்க்க மாட்டார். தேசம்மாக்கா காலத்தில் அது நடக்காது. தண்ணீர் மட்டம் இறங்குவதைப் பார்த்ததும் அவர் வரிசையின் வாலுக்குப் போய் நின்று, இதற்கு மேல் குடம் வைக்காதே, நாளைக்கு வா என்று கையை விரித்துவிடுவார். உள்ளே வைத்த குடங்கள் தங்கள் முறைக்கு நிறைந்து, ஒவ்வொன்றாகப் போகும். புதிதாக வருவதைத் தடுப்பார், வந்துவிட்டதைத் துரத்த மாட்டார். ஒருமுறை வெளியே எறியப்பட்டவர் வேறு எப்படி வரிசை அமைப்பார்? சின்ன வயதில் அந்த வரிசையில் நின்றபோது, நீங்கள் யார் தீர்மானிக்க என்று அவரோடும் நான் சண்டை போட்டிருக்கிறேன், பாதிக் குடத்தோடு ஒருநாளும் வீடு திரும்பாமலேயே.

குனிந்து ஒயர்களைப் பிடுங்கினேன். டிஸ்டார்ஷன், அப்புறம் வால்யூம், அப்புறம் டிலே, அப்புறம் ரிவெர்ப், அப்புறம் ஆம்ப். பெடலை மூடினால் புதுச் சத்தம் உள்ளே போகாது. உள்ளே போனது தன் முறை முடியும்வரை தேய்ந்து தேய்ந்து இறங்கும்.

"அதத்தானடி நான்..." என்று ஆரம்பித்தாள் ஜெபா.

"பேசாத. அரிசி மூட்டைய எடு."

அரிசி மூட்டை தொட்டில் குழந்தை மாதிரி இறங்கியது.

முகாம் நாள் சித்திரை வெயிலில் வந்தது. காலையில் அக்காவுக்குத் தலைவாரி, வெளுத்த நீலப் புடவை கட்டிவிட்டார்கள். அவர் கேட்டு வாங்கி மல்லிகை வைத்துக்கொண்டார். ஆனால் முகாம் மதியத்துக்குத்தான் திறந்தது, மதியத்தில்தான் கரண்ட் விழும். விழுந்தால் ஆம்ப் அணையும். அணைந்தால் என்ன ஆகும் என்பதைப் பச்சைக் குடத்தின் துண்டுகள் இன்னும் கீழே கிடந்து சொல்லிக்கொண்டிருந்தன. பேட்டரிக்கு அலைந்தோம், கிடைத்தது போதவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்பதற்கு நான் வாதங்களைத் தயார் செய்துகொண்டு வராந்தாவுக்கு வந்தேன், மனிதர்களுக்கு ஃபேன் எத்தனை அவசியம் என்பதற்கு அவர்கள் சொல்லப்போகும் பதிலும் அதற்கு என் பதிலும் உட்பட.

ஒரு வாதமும் செலவாகவில்லை. ரஹ்மத் அக்கா தன் வீட்டு ஃபேனை நிறுத்தினார். பக்கத்து வீட்டில் நிறுத்தினார்கள். மேல் மாடியில், கீழ் மாடியில், எதிர் பிளாக்கில், குடத்துக்காக என்னைத் திட்டியவர்கள், பைக்கில் சிமெண்ட் சுரண்டியவர்கள், இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் என்று எல்லோர் வீட்டிலும், இட்லி மாவு அரைபட்டுக்கொண்டிருந்த கிரைண்டர்கள், ஓடிக்கொண்டிருந்த டிவி, கைக்குழந்தையின் தலைக்கு மேலே சுற்றிய ஃபேன் எல்லாம் ஒவ்வொன்றாய் நின்றன. அலுவலகம் ஒட்டிய நோட்டீஸைக் கிழித்துத் தாய்மார்கள் விசிறியாக்கிக்கொண்டார்கள். எங்கள் பிளாக் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. ஆயிரம் பேர் வியர்த்துக்கொண்டு சும்மா நிற்கும் சத்தம் அது.

கிதாரை நான் வாங்கி மாட்டிக்கொண்டு, பெடலை மூடி, கம்பியைத் தட்டி, மெல்லத் திறந்தேன். பாய் ஊறி விரிந்தது. ஜெபாவின் அம்மாவும் என் அம்மாவும் கைகொடுக்க, தேசம்மாக்கா வராந்தா கம்பி நீக்கிய இடத்தில் நகர்ந்து, கம்பை மடியில் வைத்து, கால் நீட்டியபடியே சத்தத்தின் மேல் உட்கார்ந்தார். கரகரப்பை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"சாக்கு மாதிரி கீது. மீன் விக்க ஒக்காருவனே, அந்தச் சாக்கு."

"பயமா இருக்காக்கா?"

"நீ வாய மூடிக்கினு கால பாரு."

நான் பெடலை மூடினேன். ஜெபாவின் விரல்கள் டிலே குமிழில் இருந்தன. முதல் எதிரொலி வந்தது, அதைவிடத் தாழ்வாக அடுத்தது, ஏந்தி, விட்டு, ஏந்தி, விட்டு, நீலப் புடவையோடு அக்கா ஆறாவது மாடியின் முகங்களைக் கடந்து, ஐந்தாவது மாடியில் யாரோ நீட்டிய மோரை ஒரு வாய் குடித்து, இத்தனை நாள் பார்க்காத ஒவ்வொருவரிடமும், எம்மா இளைச்சிட்ட, ஏம்மே குழந்தை பெத்துட்டியா, சொல்லவே இல்லையே என்று விசாரித்துக்கொண்டே, சத்தம் மெலிய மெலிய இறங்கிக்கொண்டே போனார். நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் நடுங்கும். அவர் குரல் தூரமாவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசி எதிரொலி தரையிலிருந்து சாண் உயரத்தில் மூச்சு மாதிரி நின்றபோது கீழேயிருந்து ஒரு கூச்சல் எழுந்தது.

கிதாரைப் போட்டுவிட்டு ஏழு மாடியையும் ஓடி இறங்கினேன். அக்கா மேஜைக்கு முன்னால் கம்பு ஊன்றி நின்றிருந்தார். அலுவலர் கேட்டார்:

"முடியாதுன்னாங்களே, எப்பிடிம்மா வந்தீங்க?"

"எறங்கி வந்தேன்."

அவர் தலையாட்டி, விவரத் தாளில் 'மின்தூக்கி இயங்குகிறது' என்று எழுதினார்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா கம்பால் என் பாதத்தின் மேல் ஒரு போடு போட்டார். வாயை மூடினேன். அவர் கட்டைவிரலை மெஷினில் வைத்தார், அழுத்தினார், காத்திருந்தார், பச்சை விளக்கு எரிந்தது. தாள் கைக்கு வந்ததும் நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆச்சு. இப்ப சண்ட போடு."

போட்டேன். அத்தனை வருஷப் படிப்பையும் போட்டேன். "ஓடுதுன்னு எழுதினீங்கல்ல சார், அதுல ஏறிப் போய் ஏழாவது மாடி எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாங்க," என்றேன். கூட்டம் வழிவிட்டது. அவர் வேறு வழியில்லாமல் போய் பட்டனை அழுத்தினார், நின்றார், மறுபடி அழுத்தினார். அதற்குள் தண்ணீர் லாரி வந்துவிட்டது. தேசம்மாக்கா போய் வரிசையின் வாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெயில் சாயும்வரை அத்தனை குடங்களையும் திட்டித் திட்டி ஒழுங்கு செய்தார். ரஹ்மத் அக்காவின் புதுக் குடம் முதலில் நிறைந்தது.

ஏறுவதற்கு, நான் மேலே ஓடிப்போய்க் கம்பியை மெல்லத் தட்ட, ஜெபா டிலே குமிழை அளவுக்கு மேல் திருப்பினாள். அப்படித் திருப்பினால் எதிரொலி தேயாது, ஒன்றைவிட அடுத்தது பெரிதாக வளர்ந்துகொண்டே போகும். யாரும் கேட்காமலே ஃபேன்கள் மறுபடி நின்றன. லிஃப்ட் கதவருகே இன்னும் நின்றிருந்த அலுவலர் நீலப் புடவை மேலே மேலே போவதை அண்ணாந்து பார்த்தார், பேனாவை எடுத்தார், தான் எழுதிய வரியைத் தானே அடித்தார். மறுவாரம் மெக்கானிக் வந்தார், லிஃப்ட் ஓடுகிறது. தேசம்மாக்கா புழுக்கமாக இருக்கிறதென்று அதில் ஏறுவதில்லை.

அன்று ஏழாவது மாடியில் ஜெபா குமிழைத் தணிக்க, அக்கா கம்பைப் பிடித்து வராந்தாவில் கால் வைத்ததும், இரண்டு பிளாக்குக்கும் கேட்கும்படி கத்தினார்:

"போடுங்கடி ஃபேன!"

அடியிலிருந்து மேல்வரை, மாடி மாடியாக, ஃபேன்கள் சுற்றத் தொடங்கின. அந்தக் காற்று ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் வந்து வியர்த்த என் கழுத்தில் பட்டது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

"அழுவுறியா?" என்றாள் ஜெபா.

"இல்ல."

"இப்பவாச்சும் ஒத்துக்கோ. வால்யூம் டிலேவுக்கு முன்னாடிதான."

"ஒத்துக்க முடியாது," என்றேன் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "டிஸ்டார்ஷனுக்கும் முன்னாடி வச்சிப் பாத்தா என்ன?"

கடைசி வீட்டிலிருந்து குரல் வந்தது.

"ஏய் வக்கீலு! அந்த வரிசைல கை வச்ச, கைய ஒடிச்சி அடுப்புல வச்சிடுவேன்!"

கை வைக்கவில்லை. இன்றுவரை.